கயாக் ஆடுகிறதா, கவிழ்க்கிறதா? அறிகுறியைப் பார்த்துக் கோளாறு கண்டுபிடிப்பது எப்படி

கயாக் என்னும் ஒடுங்கிய துடுப்புப் படகை வாங்கியவர்கள் சொல்லும் புகார்கள் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, “ஏறி உட்கார்ந்ததிலிருந்து ஆடிக்கிட்டே இருக்கு.” இன்னொன்று, “முட்டுக்காட்டுல கல்லு மாதிரி நின்னுச்சு, கோவளத்துல கடலுக்குள்ள போனதும் தூக்கி அடிச்சிடுச்சு.” (முட்டுக்காடு சென்னைக்குத் தெற்கே இருக்கும் உப்பங்கழி; கோவளம் அதன் பக்கத்துக் கடற்கரை.) கேட்பதற்கு ஒரே குறை போலத் தெரியும். மருந்து நேர் எதிர். ஆனால் இரண்டு பேருக்கும் கடையில் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: “இன்னும் அகலமானதா எடுத்துக்கோங்க சார்.” அகலமான படகு முதல் புகாரைத் தீர்க்கும். இரண்டாவதை இன்னும் மோசமாக்கும்.

உங்கள் அறிகுறி எது என்று கீழே தேடிப் பிடியுங்கள். எதுவானாலும் சோதிக்கும் வரிசை இதுதான்: முதலில் உட்காருகிற விதம், அடுத்து சுமை, அப்புறம் படகுக்குள் புகுந்த தண்ணீர், கடைசியில்தான் படகின் வடிவம். முதல் மூன்றுக்கும் பெரிய செலவில்லை. சோதனைகளை இடுப்பளவுத் தண்ணீரில், லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு, பக்கத்தில் ஒருவரை நிறுத்திவைத்துச் செய்யுங்கள்.

அறிகுறி 1: அலையே இல்லாத தண்ணீரிலும் ஆடுகிறது

படகு சாயும்போது மூழ்கியிருக்கும் பகுதியின் வடிவம் மாறுகிறது. மிதப்பு விசையும் சாய்ந்த பக்கமாக நகர்கிறது. அந்த விசையின் கோட்டை மேலே நீட்டினால் படகின் நடுக்கோட்டை ஓர் இடத்தில் வெட்டும். பிரெஞ்சுக்காரரான பியர் பூகே 1746இல் வெளியிட்ட கப்பல் நூலில் இந்தப் புள்ளிக்கு மெட்டாசென்டர் என்று பெயர் வைத்தார். ஆளும் படகும் சேர்ந்த எடையின் மையம் இதற்குக் கீழே இருக்கும்வரை படகு தானாக நிமிரும். இடைவெளி குறையக் குறைய நிமிரும் வேகமும் குறையும். மையம் புள்ளிக்கு மேலே போய்விட்டால் படகு நேராக நிற்காது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நீர்மட்டத்தில் 4.8 மீட்டர் நீளம், 52 சென்டிமீட்டர் அகலம் உள்ள மெலிந்த கடல் கயாக். ஆளும் படகும் சேர்த்து 110 கிலோ. தோராயமாகப் போட்டாலே அந்த இடைவெளி 6 செ.மீ. அளவில்தான் வருகிறது. இப்போது முதுகு வலிக்கு இதமாக இருக்கட்டும் என்று 2.5 செ.மீ. தடிமனில் ஒரு ஸ்பான்ஜ் குஷனைப் போட்டு உட்காருங்கள். இருந்ததில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. அதனால் முதல் வேலை, சீட்டின் மேல் போட்டிருக்கும் எல்லாவற்றையும் எடுத்துவிடுவது. சீட்டையே இறக்க முடியுமென்றால் ஒரு செ.மீ. இறங்கினாலும் வித்தியாசம் தெரியும்.

அடுத்து கால். கால் ஊன்றும் பெடல் தூரமாக இருந்தால் கால் நீட்டி விறைத்துக்கொள்ளும், தொடை நடுங்கும், அந்த நடுக்கம் அப்படியே படகுக்கு இறங்கும். முழங்கால் லேசாக மடங்கி, தொடை மேல்தளத்தின் அடிப்பக்கத்தைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி பெடலை உங்கள் பக்கமாகக் கொண்டுவாருங்கள். கண் எங்கே பார்க்கிறது என்பதும் முக்கியம். புதிதாக ஏறியவர்கள் எல்லோரும் படகின் விளிம்பையே பார்ப்பார்கள். எதிர்க்கரையைப் பாருங்கள், பாதி ஆட்டம் அடங்கும். துடுப்பைத் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி உட்கார வேண்டாம். அதன் தட்டையான முனை, அதாவது அலகு, தண்ணீரில் இருக்கட்டும்.

இவ்வளவும் செய்த பிறகும் பயமாக இருந்தால், 10–15 லிட்டர் தண்ணீரைக் கேன்களில் நிரப்பிச் சீட்டுக்கு முன்னும் பின்னும் படகின் அடியோடு அடியாக வைத்து, நகராதபடி கட்டுங்கள். எடை கீழே இருந்தால் மையம் இறங்கும். உடம்பு பழகியதும் கேன்களை ஒவ்வொன்றாக எடுத்துவிடலாம்.

அகலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மேலே சொன்ன அதே படகை, மற்றதெல்லாம் அப்படியே இருக்க, 60 செ.மீ. அகலமாக்கினால் அந்த 6 செ.மீ. இடைவெளி ஏறக்குறைய மூன்று மடங்காகிவிடும். இந்தக் கணக்கில் அகலம் முப்படியாகப் பெருகுவதுதான் காரணம். வெறும் 8 செ.மீ. அகலம், தட்டைத் தண்ணீரில் ஆளையே மாற்றிவிடும். கடையில் அகலப் படகு விற்பனையாவதன் ரகசியம் இது. அதற்கு என்ன விலை கொடுக்கிறோம் என்பது அடுத்த அறிகுறியில் தெரியும்.

அறிகுறி 2: உப்பங்கழியில் அசையவில்லை, கடலில் பக்க அலை வந்ததும் தூக்கி அடிக்கிறது

செங்குத்து எது என்று படகுக்குத் தெரியாது. தனக்கு அடியில் இருக்கும் தண்ணீர்ப் பரப்பு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அந்தப் பக்கம் தானும் சாய்ந்துகொள்ளும். அகலமும் தட்டையான அடிப்பகுதியும் கூடக்கூட இந்தப் பிடிவாதமும் கூடும். உப்பங்கழியில் பரப்பு சமமாக இருப்பதால் அதே பிடிவாதத்தை ‘நல்ல பேலன்ஸ்’ என்று பாராட்டினோம்.

அலையின் சரிவு எவ்வளவு என்று மனக்கணக்காகவே பார்க்கலாம். உயரத்தை முகட்டுக்கு முகடு உள்ள நீளத்தால் வகுத்து 180ஆல் பெருக்குங்கள். அலையில் மிகச் சரிவான இடத்தின் கோணம் டிகிரியில் கிடைக்கும். வெளிக்கடலிலிருந்து சோம்பலாக உருண்டு வரும் 60 மீட்டர் நீள அலை 1 மீட்டர் உயரமாக இருந்தாலும் சரிவு 3 டிகிரிதான். படகு ஏறி இறங்கும், அவ்வளவே. அதே 1 மீட்டர் உயரம் 10 மீட்டர் நீளத்துக்குள் வந்தால் 18 டிகிரி. உயரத்தைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் நீளத்தைக் கவனிப்பதில்லை. முகத்துவாரம் திறந்திருக்கும் நாளில், வற்றும் தண்ணீர் கடலுக்குப் பாயும்போது, உள்ளே வரும் அலை அதோடு மோதிக் குட்டையாகி நிமிர்ந்துவிடும். பத்தடி தள்ளிச் சாதுவாக இருந்த அலை அங்கே சுவராக நிற்கும். பெரும்பாலான ‘தூக்கி அடிச்சிடுச்சு’ கதைகள் இப்படிப்பட்ட இடத்தில்தான் நடக்கின்றன.

18 டிகிரி சாய்ந்த அகலப் படகில் உட்கார்ந்திருக்கும் ஆளும் அதோடு சேர்ந்து சாய்கிறார். எடை பள்ளத்துப் பக்கம் போய்விடுகிறது. அகலமான படகை இடுப்பால் திருப்பிச் சமன்செய்ய உடம்பில் பலம் போதாது. மெலிந்த, உருண்டை அடியுள்ள கயாக்கிலோ இடுப்பை லேசாக அசைத்தாலே படகு கேட்கும். மேல் உடம்பு நேராக நிற்க, கீழே படகு அலையோடு தனியாக ஆடிக்கொள்ளும். தட்டைத் தண்ணீரில் எரிச்சலூட்டிய அதே ஆட்டம்தான் இங்கே காப்பாற்றுகிறது. கிரீன்லாந்தில் இனுயிட் மக்கள் சீல் வேட்டைக்குப் போன கயாக்குகள் ஏறத்தாழ அரை மீட்டர் அகலம்தான். பனிக்கட்டி மிதக்கும் கடலில் கவிழ்ந்தால் உயிர் போகும் என்று தெரிந்தவர்கள் செய்த படகு அது.

சரி, கையில் இருப்பது அகலப் படகுதான் என்றால் என்ன செய்வது? அலைக்கு முழுப் பக்கத்தைக் காட்டாதீர்கள். 30 முதல் 45 டிகிரி கோணத்தில் அலையைக் குறுக்கே வெட்டி ஏறி, இறங்கியதும் திசையைச் சரிசெய்யுங்கள். வழி வளைந்து போனாலும் பரவாயில்லை. அலை இடப்பக்கம் வருகிறதென்றால் இடது பிட்டத்தை அழுத்தி, வலது முழங்காலைத் தூக்கி, படகை அலைப் பக்கமாகச் சாயுங்கள். கை தன்னால் எதிர்ப்பக்கம் போகப் பார்க்கும். அதைத்தான் பழக்கத்தால் மாற்ற வேண்டும். உட்காருமிடம் திறந்த சிட்-ஆன்-டாப் வகையில் முழங்காலுக்குப் பிடிமானமே கிடையாது. தொடைப் பட்டை வாங்கி மாட்டினால்தான் இது முடியும். மேல்தளத்தில் ஐஸ் பெட்டி, நங்கூரம், தண்ணீர்க் கேன் என்று கட்டிவைத்திருந்தால் எல்லாவற்றையும் கீழே இறக்குங்கள். துடுப்புப் போடுவதை நிறுத்தவே வேண்டாம். தண்ணீரில் அலகு இழுபடும் ஒவ்வொரு முறையும் அதுவும் ஒரு ஊன்றுகோல்.

அறிகுறி 3: கொஞ்சம் சாய்ந்தால் ஒன்றுமில்லை, ஒரு கட்டத்துக்கு மேல் சொல்லாமல் கொள்ளாமல் குப்புறப் போடுகிறது

படகு சாய ஆரம்பிக்கும்போது காட்டும் எதிர்ப்பு வேறு, சாய்ந்து முடிகிற இடத்தில் மிச்சமிருக்கும் எதிர்ப்பு வேறு. கடையில் ஏறிப் பார்க்கும்போது முதலாவது மட்டும்தான் தெரியும். இரண்டாவதை நாமே சோதித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். நண்பர் ஒருவர் அணியத்தை, அதாவது முன்முனையை, பிடித்துக்கொள்ளட்டும். நீங்கள் படகை மெல்ல ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டே போங்கள். மேல்தளத்தின் ஓரம் எப்போது தண்ணீரைத் தொடுகிறது, அதற்குப் பிறகும் படகு முட்டுக் கொடுக்கிறதா, கை விட்டுவிடுகிறதா என்று பாருங்கள். மூன்று நான்கு தடவை வேண்டுமென்றே கவிழும்வரை போங்கள். அந்த விளிம்பு எங்கே இருக்கிறது என்று இடுப்புக்குத் தெரிந்துவிட்டால் அதன்பின் படகு ‘சொல்லாமல்’ கவிழாது.

தட்டை அடி, தாழ்ந்த பக்கச் சுவர் உள்ள படகு முதலில் விறைப்பாக நிற்கும். ஓரம் மூழ்கியதும் தண்ணீரைத் தள்ளுவதற்கு மேலே ஒன்றும் இருக்காது, போய்விடும். பக்கச் சுவர் மேலே போகப் போக வெளிப்பக்கம் விரியும் படகில், சாயச் சாயப் புதிய பாகம் தண்ணீரில் இறங்கி முட்டுக் கொடுத்துக்கொண்டே வரும். வாங்கும்போது படகை முன்னாலிருந்து குனிந்து பாருங்கள். நீர்மட்ட அகலத்தைவிட மேல் அகலம் தெளிவாகக் கூடுதலாக இருந்தால் நல்லது.

அறிகுறி 4: உட்கார்ந்தால் சரி, எழுந்து நின்றதும் போகிறது

இது படகின் கோளாறு கிடையாது. உட்கார்ந்திருக்கும்போது உங்கள் எடை மையம் சீட்டிலிருந்து ஏறத்தாழ ஒரு சாண் உயரத்தில் இருக்கும்; நின்றால் தொப்புள் உயரத்துக்குப் போய்விடும். தூண்டில் வீசுவதற்காக நிற்க வேண்டுமென்றால் 85–90 செ.மீ. அகலப் படகு தேவை, அதுவும் அலையில்லாத தண்ணீரில். இரண்டு பேர் இருந்தால் ஒருவர்தான் நிற்கலாம். இருவரும் ஒரே பக்கம் மீனைப் பார்க்கத் திரும்பக் கூடாது.

சுற்றுலாப் படகிலும் இதே கணக்குத்தான். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில் இரண்டடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். கரையோரம் விலங்குகளைப் பார்க்க மேல்தளத்தில் இருந்தவர்கள் ஒரு பக்கமாகத் திரண்டபோது நடந்தது அது. ஏரியில் அலை என்று ஒன்றும் இல்லை. மேலே ஏறிய எடையும் ஒரு பக்கம் நகர்ந்த எடையும் சேர்ந்தால் அலை தேவையே இல்லை.

அறிகுறி 5: காலையில் நன்றாக இருந்தது, நேரம் ஆக ஆகக் குழைகிறது

அநேகமாக உள்ளே தண்ணீர். கரைக்கு வந்ததும் படகின் ஒரு முனையைத் தூக்கிக் காதை வைத்துக் கேளுங்கள். ‘சளக்’ என்றால் முடிந்தது.

நாலைந்து லிட்டர்தானே, ஐந்து கிலோ என்ன செய்துவிடும் என்று தோன்றும். எடையால் வரும் தொல்லை சிறிது. அந்தத் தண்ணீர் ஓடுவதுதான் பெரிது. படகு இடது பக்கம் சாய்ந்தால் தண்ணீரும் இடது பக்கம் ஓடிச் சாய்வைக் கூட்டும். அடி தட்டையாக இருந்து தண்ணீர் மெல்லிய பரப்பாகப் படர்ந்தால், அறிகுறி 1இல் பார்த்த அந்தச் சில சென்டிமீட்டர் இடைவெளியை விழுங்க அதுவே போதும். இங்கேயும் பரவும் அகலம் முப்படியாக வேலை செய்கிறது. அதனால்தான் உட்புறத்தை நீளவாக்கில் இரண்டாகத் தடுத்தால் கெடுதல் பாதியாகாமல் கால்வாசியாகிறது.

ஓட்டை தேட: கரையில் வைத்து வடிகால் மூடியைக் கழற்றி, படகுக்குள் இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றி, மூடி, படகை முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் சாய்த்து வெளியே எங்கே ஈரம் கசிகிறது என்று பாருங்கள். சிட்-ஆன்-டாப் படகுகளில் தண்ணீர் வடிய மேலிருந்து கீழ்வரை போகும் ஸ்கப்பர் ஓட்டைகளின் உட்சுவரில்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். அந்த ஓட்டைக்குள் கம்பியை நுழைத்து ஏற்றும் தள்ளுவண்டியில் மேடு பள்ளத்தில் இழுத்துப் போனால் சுவர் மயிரிழையாக விரிசல் விடும். அடுத்தது ஹேட்ச் மூடியின், அதாவது மேல்தளத்தில் சாமான் வைக்கும் திறப்பின் மூடியின், ரப்பர். வெயிலில் காய்ந்து வெடித்திருக்கும். பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்கில் சாதாரணப் பசை எதுவும் ஒட்டாது. அதே பிளாஸ்டிக் கம்பியை உருக்கி வெல்டிங் செய்பவரிடம் கொடுங்கள்.

அறிகுறி 6: நேராகப் போகாமல் மூக்கு காற்றுப் பக்கமே திரும்புகிறது

ஓடும் கயாக்கின் முன்பகுதியைத் தண்ணீரின் அழுத்தம் பிடித்துவைக்கிறது; பின்பகுதி லேசாக வழுக்கும். பக்கக் காற்று பின்பகுதியை எளிதாகத் தள்ள, மூக்கு காற்றை நோக்கித் திரும்பும். பின்னால் ஸ்கெக், அதாவது படகின் அடியில் இறக்கி ஏற்றும் சிறு தகடு, இருந்தால் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிப் பாருங்கள். முழுதாக இறக்கினால் மூக்கு எதிர்ப்பக்கம் ஓட ஆரம்பிக்கும். ஸ்கெக் இல்லையென்றால் சுமையில் கொஞ்சத்தைப் பின்னே நகர்த்துங்கள். காற்று வரும் பக்கமாகப் படகைச் சாய்த்து, அந்தப் பக்கமே அகலமான வீச்சாகத் துடுப்புப் போடுங்கள்.

சென்னைக் கரையில் இதோடு இன்னொன்றும் சேர்கிறது. ஜூன், ஜூலை காலைகளில் மேற்கிலிருந்து நிலக்காற்று பலமாக வீசும். கரையோரம் தண்ணீர் எண்ணெய் தடவியது போல மழமழவென்றிருக்கும், ஏனென்றால் அலை எழும்பக் காற்றுக்கு அங்கே தூரம் கிடைக்கவில்லை. ஒரு கிலோமீட்டர் உள்ளே போனால் நிலைமை வேறு. துடுப்பை நிறுத்தினால் படகு பக்கவாட்டில் திரும்பி, கரையை விட்டு விலகி வங்காள விரிகுடாவின் நடுப்பக்கமாக மிதந்து போகும். இதற்கு ஸ்கெக்கால் பயனில்லை. அப்படிப்பட்ட காலையில் இறங்காதீர்கள்.

அறிகுறி 7: கரைக்குத் திரும்பும்போது மட்டும் கவிழ்கிறது

பின்னால் வரும் அலை படகைவிட வேகமாக வந்து பின்முனையைத் தூக்குகிறது. அணியம் பள்ளத்தில் குத்துகிறது. பின்பகுதி ஒரு பக்கம் சுழன்று படகு அலைக்குக் குறுக்கே கிடக்கிறது. அந்த நொடியில் கரைப் பக்கம் சாய்ந்தால் ஓரம் மணலில் இடறி ஆளைத் தூக்கி எறியும். அலைப் பக்கம் சாய்ந்து, நுரைமேல் துடுப்பை ஊன்றி, கரைவரை பக்கவாட்டிலேயே வழுக்கி வந்துவிடுவதுதான் வழி.

அதைவிட நல்லது அந்த நிலைக்கே போகாமல் இருப்பது. அலை உடையும் வரிசைக்கு வெளியே நின்று எண்ணுங்கள். பெரியவை கூட்டமாக வரும், அப்புறம் ஓர் இடைவெளி விடும். அந்தக் கூட்டத்தின் கடைசிப் பெரிய அலை உங்களைக் கடந்ததும் அதன் முதுகில் ஒட்டிக்கொண்டு வேகமாக வாருங்கள். அடுத்த அலை பின்முனையைத் தூக்கினால் பின்னுக்குத் துடுப்புப் போட்டு அதை முன்னே போகவிடுங்கள். கோவளத்து மீனவர்கள் எங்கே படகை ஏற்றுகிறார்கள் என்று பார்த்துவிட்டு இறங்கினால் பாதி வேலை மிச்சம். கரை எந்த இடத்தில் சரிவு குறைவு என்று அவர்களுக்குத் தெரியும்.

அறிகுறி 8: கவிழ்ந்த பிறகு நிமிர்த்த முடியவில்லை, அல்லது ஏறினால் மறுபடி கவிழ்கிறது

அகலப் படகு நிமிர்ந்து நிற்பதில் எவ்வளவு உறுதியோ, குப்புறக் கிடப்பதிலும் அவ்வளவு உறுதி. அதனால் சிட்-ஆன்-டாப் என்றால் கவிழ்ந்த படகின் அடியில் வயிற்றை வைத்து ஏறி, மறுபக்க ஓரத்தையோ பட்டையையோ பிடித்து, உடம்பு எடையைப் பின்னே சாய்த்து இழுக்க வேண்டும். ஆழத் தண்ணீரில் நீங்களாகவே இதைச் செய்ய முடிகிறதா என்று கடலுக்குப் போகுமுன்பே பார்த்துவிடுங்கள். முடியவில்லையென்றால், உப்பங்கழியில் எவ்வளவு சாதுவாக நின்றாலும் அந்தப் படகோடு தனியாகக் கடலில் இறங்கக் கூடாது.

உள்ளே உட்காரும் வகையில் தொல்லை வேறு. நிமிர்த்தியதும் காக்பிட், அதாவது உட்காரும் குழி, நிறையத் தண்ணீர். முன்னும் பின்னும் தடுப்புச் சுவர் உள்ள கடல் கயாக் என்றால் தண்ணீர் நடு அறையோடு நிற்கும், கைப்பம்பால் இறைத்துவிடலாம். குறைந்த விலை ஏரிப் படகுகளில் தடுப்பே இருக்காது, அல்லது பின்னால் மட்டும் இருக்கும். நூறு லிட்டருக்கு மேல் ஏறி, மூக்கு முங்கி, பின்முனை வானம் பார்த்து நிற்கும். அதற்குள் ஏறினால் அறிகுறி 5இன் கதைதான், பல மடங்காக. முன்னும் பின்னும் காற்றுப் பைகளை ஊதித் திணித்து, மேல்தள வளையங்களோடு கட்டுங்கள். காற்று இருக்கும் இடத்தில் தண்ணீர் புகாது.

நம் கட்டுமரத்தை இந்தக் கண்ணோடு பார்த்தால் அதன் சூட்சுமம் தெரியும். ஏறியவர் கால் எப்போதும் நனையும், தண்ணீருக்கு மேல் நிற்கும் சுவர் என்று ஒன்றும் கிடையாது. ஆனால் நிரம்புவதற்கு அதில் உட்புறமே இல்லை. உடையும் அலை மேலே விழுந்து மரங்களுக்கு இடையே வடிந்துவிடும். மூடிய படகுக்கும் வழி உண்டு: ஜெர்மன் மருத்துவர் ஹான்னெஸ் லிண்டெமான் 1956இல் மடக்குக் கயாக் ஒன்றில் 72 நாளில் அட்லாண்டிக்கைக் கடந்தபோது வழியில் கவிழ்ந்தும், நிமிர்த்தி ஏறித் தொடர்ந்தார்.

பயிற்சியின் வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் இடுப்பளவுத் தண்ணீரில் கவிழ்ந்து, நிமிர்த்தி, ஏறி, இறைத்து முடிப்பது. அடுத்து கால் எட்டாத ஆழத்தில், நண்பர் பக்கத்தில் இருக்க. அப்புறம் துடுப்பின் முனையில் காற்றுப் பையை மாட்டி, அதைப் பக்கவாட்டு மிதவையாக வைத்துத் தனியாக ஏறுவது. கடைசியில் லேசான அலை உள்ள நாளில் அதே மூன்றையும் களைத்துப்போன பிறகு செய்து பார்ப்பது. பெரும்பாலும் ஆட்கள் கவிழ்வது அப்போதுதான்.